சட்டைப் பையில் இருந்த அரிசி

அன்வர் கண்ணுக்கு, உன் அம்மா.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே நீ 'சரிம்மா, சரிம்மா' என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பேன் என்று நீயே சொல்லிச் சிரித்தவன். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது இல்லையா? அதனால்தான் அங்கன்வாடியில் மீந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுதுவது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். கடைசி வரைக்கும் படி. படித்த கையோடு போன் போடாதே. ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அப்புறம் பேசு.

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாவுக்குப் பயம் இல்லை. நான் செத்த அன்றைக்கு என்னை யார் எடுப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள், அப்போது நீ என்ன செய்வாய் என்பதுதான் பயம். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பிடித்தது, இன்னும் விடவில்லை.

என் புருஷனை, உன் அத்தாவைக் கொண்டுபோன அதே நெஞ்சுவலிதான் எனக்கும் வந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன், கரண்டி கையிலிருந்து விழுந்தது. ஓடிவந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டு நாகப்பட்டினம் கொண்டுபோனது என் தம்பிதான், உன் முருகையன் மாமன். அவன் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே கிடையாது, அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் பெயர் எழுதுகிற இடத்தில் அவன் என் பழைய பெயரைச் சொல்லிவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, அவன் வாயில் அதுதான் வரும். மூன்று நாளும் நர்ஸ் பெண் 'அஞ்சலை, அஞ்சலை' என்று கூப்பிட்டது. முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் படுத்திருந்தேன். 'ஏம்மா, காது கேக்காதா?' என்று அந்தப் பெண் சத்தம் போட்ட பிறகுதான் அது நான் என்று விளங்கியது. இருபத்தைந்து வருஷமாக ஆமினாவாக இருக்கிறவள், ஒரு மாத்திரைக்காக அஞ்சலை என்று கை நீட்டினேன். மாமன் என் நெற்றியில் திருநீறு பூசினான். துடைக்கக் கையில் தெம்பு இல்லை. தெம்பு இருந்திருந்தாலும் துடைத்திருப்பேனா, தெரியவில்லை. அழுது அழுது அவன் கண் வீங்கிக் கிடந்தது.

மூன்றாம் நாள் ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. மச்சான பள்ளிவாசல்காரங்க தூக்கிட்டுப் போனாங்க, சரின்னு விட்டேன். ஒன்ன விடமாட்டேன். நீ எங்கூடப் பொறந்தவ. நம்ம சுடுகாட்டுல, ஆத்தா பக்கத்துலதான் ஒனக்கு எடம்."

"போடா, இப்பவே எடம் பாக்குறியா?" என்று சிரித்துவிட்டேன். வாய்தான் சிரித்தது. அன்றைக்குச் சாயந்திரம் நீ போன் செய்தபோது இதைச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அம்மா, நீ இன்னும் நாப்பது வருசம் இருப்ப. அப்படியே ஆனாலும், செத்ததுக்கப்புறம் எங்க வச்சா என்னம்மா? மாமா மனசு நோகாம ஏதோ செஞ்சிக்கலாம். எல்லாம் ஒண்ணுதான்." ஆறுதலுக்குத்தான் சொன்னாய். ஆனால் எனக்கு அந்தக் கட்டில் அப்படியே கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. மாமன் சொன்னதில் எனக்குப் பயம் வரவில்லை அன்வர். நீ சொன்னதில்தான் வந்தது.

எல்லாம் ஒன்றுதான் என்று இருந்திருந்தால் உன் அத்தா எதற்காக எழுந்து இஸ்லாத்துக்குப் போனார்? அப்போது உனக்கு ஆறு வயது, முழுசாகத் தெரிந்திருக்காது. கலியமூர்த்தியாக இருந்த காலத்தில் அவர் லோடு வண்டி ஓட்டினார். நாகூர்ப் பக்கம் ஒரு நிக்காஹ் வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கப் போயிருந்தார். இறக்கிவிட்டு வண்டி நிழலில் ஒதுங்கி நின்றவரை ஒருத்தர் பந்தலுக்குள்ளிருந்து கூப்பிட்டிருக்கிறார். அங்கே சஹனில்தான் சாப்பாடு, உனக்குத் தெரியும். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டிச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு சஹனில் மூன்று பேர்தான் இருந்தார்களாம். 'நான் வண்டிக்காரங்க' என்று இவர் பின்வாங்கியிருக்கிறார். 'வண்டிக்காரருக்குப் பசிக்காதா? ஒரு ஆளு கொறயுது, உக்காருங்க' என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். யாரும் ஊர் கேட்கவில்லை, தெருப் பெயர் கேட்கவில்லை. அதுவரைக்கும் அவருக்குத் தெரிந்த விருந்து என்ன? அறுப்பு முடிந்தால் ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறம், நாம் கொண்டுபோகிற ஏனத்தில், எட்ட நின்று ஊற்றுகிற குழம்பு.

வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்றார். 'என்ன, அங்கேயே மூக்கு முட்டத் தின்னாச்சா?' என்று கேலி பண்ணினேன். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரே தட்டுல கை போட்டேன் அஞ்சல. அந்த ஆளு கறித்துண்டப் பிச்சி எம்பக்கம் தள்ளி வச்சாரு" என்றார். உதடு கோணிக்கொண்டது. நான்கு வருஷம் யோசித்து, நாலு பேரிடம் கேட்டு, ஓதிப் படித்து, அப்புறம்தான் கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வந்தார் என்று ஜமாஅத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நான்கு வருஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்கு மாதம்தான். அவர் அன்றைக்கே போய்விட்டார், கால் மட்டும் பிறகு போனது.

நான் அப்படிப் போகவில்லை. இதைத்தான் உன்னிடம் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். புருஷன் போகிறார், நானும் போகிறேன் என்று போனவள் நான். முதல் மூன்று வருஷம் நான் தொழவில்லை, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து உட்கார்ந்தேன், பார்த்து எழுந்தேன். உதடு அசையும், உள்ளே அடுப்பில் குழம்பு தீய்கிறதா என்று ஓடும். உனக்குக் காய்ச்சல் வந்தால் முருகையனிடம் சொல்லிக் காளியம்மன் கோயில் குங்குமத்தை வாங்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைப்பேன். ஒருநாள் அத்தா அரிசி அளக்கும்போது பொட்டலம் கையில் வந்துவிட்டது. அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "பயமாருந்தா வச்சிக்க. பயம் போனப்புறம் நீயே சொல்லு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்!

அந்தப் பயம் எப்போது போனது என்றால், ஒரு நோன்பு மாதத்தில் போனது. நடவு நேரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாற்று முடிச்சைப் போட்டபடி நம் தெருப் பெண்கள் என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள். "ஆமினாம்மாவுக்குத் தண்ணி வேணாமாம்டி, அவுங்க மெக்காவுலேருந்து குடிச்சிக்குவாங்க!" நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மதியம் எல்லாரும் வரப்பில் சாப்பிட உட்கார்ந்தபோது நான் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்க் கை கால் முகம் கழுவி, துண்டை விரித்து நின்றேன். காலையிலிருந்து அடுத்தவர் வயலில் குனிந்த முதுகு. நெற்றியைத் தரையில் வைத்தபோது, இந்தக் குனிவு யாரும் கூலிக்கு வாங்கினதில்லை, இது நானாகக் குனிந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. ஐயோ, அப்படி ஒரு அழுகை! எழுந்திருக்கவே தோன்றவில்லை. மேஸ்திரி 'என்ன ஆமினா, மயக்கமா?' என்று ஓடிவந்தார். அன்றைக்குச் சாயந்திரம் குங்குமப் பொட்டலத்தை எடுத்து, கீழே சிந்தாமல் மடித்து, முருகையன் கையில் கொடுத்துக் கோயிலிலேயே வைத்துவிடச் சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் தவறினேன். நீ பார்த்தாய். நாம் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக அதைப் பேசவே இல்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

அத்தா மௌத்தான அன்றைக்கு உனக்குப் பத்தொன்பது வயது. வாசலில் ஒரு பக்கம் முருகையனும் நம் சொந்தக்காரர்களும் மேளக்காரரோடு நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் பள்ளிவாசல்காரர்கள் சந்தூக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 'எங்க மச்சான நாங்கதான் எடுப்போம்' என்று மாமன் மார்பில் அடித்துக்கொள்கிறான். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீதான் நடுவில் வந்து நின்றாய். மீசைகூடச் சரியாக முளைக்காதவன். "மாமா, அத்தா தொழுதவரு. பள்ளிக்குத்தான் போவணும். நீங்களும் ஒரு பக்கம் தோள் குடுங்க" என்றாய். குரல் உடைந்தது, ஆனால் சொல்லிவிட்டாய். மேளம் நின்றது. மாமன் வந்து தோள் கொடுத்தான்.

அதற்கு முன்னால்தான் அது நடந்தது. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்துக் கடைசியாகப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நீ நின்றாய். முருகையன் கொண்டுவந்த வாய்க்கரிசியில் ஒரு சிட்டிகை என் முந்தானை நுனியில் இருந்தது. எப்போது முடிந்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. குனிந்தேன், அவர் உதட்டுக்குள் வைத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து நெல்லுக்குள்ளேயே கிடந்த மனுஷன், வெறும் வாயோடு போகிறாரே என்று இருந்தது. அவர் எதை நம்பி வாழ்ந்தார் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. நீ அத்தா முகத்தைக் கடைசியாகத் தடவுகிற மாதிரி குனிந்து, விரலால் அந்த அரிசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துணியை மூடினாய். வேறு யாரும் பார்க்கவில்லை. என்னை நீ காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து உன் சட்டையை ஊற வைக்க எடுத்தபோது பையில் நாலு அரிசி இருந்தது. எறிய மனசு வரவில்லை. டிரம்மில் இருந்த அரிசியோடு போட்டுவிட்டேன். அன்றைக்கு ஆக்கிய சோற்றை நீயும் நானும் சாப்பிட்டோம். இது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

பத்தொன்பது வயதில் அப்படி நின்ற பிள்ளை, முப்பத்தொரு வயதில் 'எல்லாம் ஒண்ணுதான்' என்கிறாய். எங்கே வழுக்கியது என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். போன வருஷம் சென்னைக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அங்கேயா? கீழ்வீட்டு அம்மா படியில் மறித்து 'நீங்க அன்பரசன் அம்மாவா?' என்று கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு முந்தின பெயர், யாரும் கூப்பிட்டே எத்தனையோ வருஷம் ஆன பெயர். வாடகைக்கு வீடு தேடியபோது அன்வர் என்று சொன்னதால் ஏழு வீட்டில் 'ஆள் வந்தாச்சு' என்று திருப்பி அனுப்பினார்கள், எட்டாவது வீட்டில் மாற்றிச் சொன்னேன் என்று நீ அப்புறம் சொன்னாய். உன்னைக் குறை சொல்லவா முடியும்? படியில் நின்று நான் மட்டும் என்ன செய்தேன்? முக்காட்டை மெல்லத் தோளுக்கு இறக்கிவிட்டு, 'ஆமாங்க' என்றேன். 'கதவச் சாத்திட்டுத் தொழும்மா' என்றாய், ஜன்னலையும் சேர்த்துச் சாத்திவிட்டுத் தொழுதேன். அன்றைக்கு நான் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தேன் என்பது ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் உறைத்தது.

குடவாசல் பாய் வீட்டுச் சம்பந்தம் கைவிட்டுப் போனதிலும் உனக்கு ஆறாத கோபம் இருக்கிறது, தெரியும். பெண் பிடித்தது, உன் வேலை பிடித்தது, 'பூர்வீகமா இவங்க எந்த ஊரு?' என்று ஒரு கேள்வி கேட்டார்கள், அதோடு நின்றது. 'ஒரே தட்டுன்னு அத்தா நம்பிப் போனாரே, பாத்தியாம்மா' என்று அன்றைக்கு நீ கத்தினாய். இன்னும் நம்மைப் 'புதுசா வந்தவங்க' என்று சொல்கிற வாய் இருக்கிறது. எனக்கும் எரியும். ஆனால் அத்தா கும்பிட்டது அந்த மனிதர்களை இல்லையே. அவர்கள் தப்புக்கு நாம் ஏன் தொழுகையை விட வேண்டும்? இது அவர்களுக்குச் சொந்தமான வீடு, நாம் வாடகைக்கு இருக்கிறோம் என்று நினைத்தால்தான் ஒருத்தர் முறைத்ததும் காலி பண்ணத் தோன்றும்.

போன நோன்பில் நான் 'நோன்பா தம்பி?' என்று கேட்டேன், நீ 'ம்' என்றாய். டீ உறிஞ்சுகிற சத்தம் இங்கே எனக்குக் கேட்டது. என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது! அதற்காக நான் இதை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனாயா, போகவில்லையா என்று கணக்குக் கேட்கவும் எழுதவில்லை. நம்பிக்கை இருக்கிறதென்றால் இருக்கிறது என்று நில். இல்லையென்றால் இல்லை என்று என்னிடம் சொல். இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அழுவேன், ரெண்டு நாள் பேசாமல் இருப்பேன், அப்புறம் நானே போன் போடுவேன். நீ என் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று மட்டும் சொல்லாதே. அது நம்பிக்கையும் இல்லை, நம்பாததும் இல்லை, வம்பு வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல பெயர். மூன்று வருஷம் உதட்டை அசைத்தவள் சொல்கிறேன், அது வயிற்றில் ஒட்டாது.

நான் கேட்பது ஒன்றுதான். என் ஜனாஸா தொழுகையை நீ தொழ வேண்டும். ஹஜ்ரத் பின்னால் நின்று உதட்டை அசைக்காமல், என்ன ஓதுகிறோம் என்று தெரிந்து தொழ வேண்டும். மறந்திருந்தால் இப்போதே படித்துக்கொள், வெட்கப்படாதே. குழிக்குள் நீ இறங்கி என்னை வாங்கிக்கொள்ள வேண்டும். அத்தாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று மையவாடியில் கேட்டிருக்கிறேன், நாலு அடி தள்ளி இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்ன பெயர் எழுதினாலும் சரி, மண்ணுக்குள் நான் ஆமினாவாகத்தான் போக வேண்டும். இதை மாமனிடம் நானே இன்னும் சொல்லவில்லை. மூன்று தரம் வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அவனும் பாவம். அவனுக்கு அக்கா என்று நான் ஒருத்திதான்.

அவன் கட்டாயம் வருவான். எத்தனை பேர் தடுத்தாலும் கையில் அரிசியோடு வந்து நிற்பான். அப்போது நீ பத்தொன்பது வயதில் நின்ற மாதிரி நடுவில் நில், ஆனால் அந்த அரிசியைத் தட்டிவிடாதே. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள். என் வாயில் போட வேண்டாம், அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று சொல். தோள் கொடுக்கச் சொல். அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அவன் அரிசியை நம் டிரம் அரிசியோடு சேர்த்து உலையில் போடு. பரண் மேலே அத்தா வாங்கி வைத்த சஹன் இருக்கிறது, இறக்கிக் கழுவி அதில் கொட்டு. மாமனை உன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கறித்துண்டைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளி வை. சுற்றி நாலு பேர் வேண்டும். ஒரு ஆள் குறைந்தால், வாசலில் வண்டியோடு யார் நின்றுகொண்டிருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வை.

அம்மா